இசைத்தட்டில் யார் பெயர்? பெஸ்ஸி ஸ்மித்தின் ப்ளூஸும் நம் கானாவும்



தங்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமல் மறைந்துபோன இப்பகுதிப் பறைக் கலைஞர்களின் நினைவாக இந்தச் சொற்பொழிவை நடத்துகிறோம். குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்களிடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். ஒரே தோல்கருவியை நாம் பறை என்கிறோம், தப்பு என்கிறோம். தெலுங்கில் டப்பு, கன்னடத்தில் தமட்டெ. மொழிக்கு மொழி கருவியின் பெயர் மாறுகிறது. அதை அடித்தவரை ஊர் நிறுத்திவைத்த இடம் மட்டும் மாறவில்லை. சாவுக்கும் அவர் வேண்டும், திருவிழாவுக்கும் அவர் வேண்டும். அடித்தது யார் என்று கேட்டால் ஊர் அவருடைய சாதியைச் சொல்லும், பெயரைச் சொல்லாது.

இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். காதில் இயர்போன் இருக்கிறது. அவர்களில் சிலர் பாடுகிறார்கள், அடிக்கிறார்கள், பதிவு செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் இளைஞர்கள் நான்கு பேர் ஒரு பாடல் பதிவுக்குப் பறை அடிக்கப் போனார்கள். ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பாடல் வெளிவந்தபோது பாடியவர் பெயர் இருந்தது, இசையமைத்தவர் பெயர் இருந்தது, கிட்டார் வாசித்தவர் பெயரும் இருந்தது. பறை அடித்த நால்வரின் பெயர் இல்லை. “பெயர் போடாவிட்டால் என்ன தோழர், காசு வந்ததே” என்று அவர்களில் ஒருவரே கேட்டார். நாங்கள் அப்போது அவருக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தச் சொற்பொழிவை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பதிலைத் தேடி நாம் முதலில் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் பாட்டு முதன்முறையாகப் பெருந்தொகையில் பதிவாகி விற்பனைக்கு வந்தது அங்கேதான். அந்தப் பாட்டை முதலில் பதிவு செய்தவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன என்று பார்த்துவிட்டு, சென்னையின் கானாவுக்கும் பிறகு நம் ஊருக்கும் திரும்புவோம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நிறவெறி வேறு, சாதி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நமக்கு உதவாது. ஆனால் ஒன்றை ஒன்று பார்த்துக் கற்றுக்கொள்வது நம் மரபிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குத் தம் ‘குலாம்கிரி’ நூலை 1873இல் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் பூலே. 1946இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார் அண்ணல் அம்பேத்கர். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் இயக்கம் தன் பெயரையே பிளாக் பேந்தர்களிடமிருந்து எடுத்தது. அந்த வழியில்தான் நாமும் போகிறோம்.

குரலுக்குப் பாதி, வாத்தியத்துக்குப் பாதி

ப்ளூஸ் பாட்டின் அமைப்பு எளிது. முதலில் ஒரு அடி. அதே அடி இன்னொரு முறை. மூன்றாவதாக, அதற்கு விடை சொல்வதுபோல் ஒரு அடி. மூன்றும் சேர்ந்து பன்னிரண்டு தாள அளவுகள்; ஒவ்வொரு அடிக்கும் நான்கு. அந்த நான்கில் குரல் ஏறத்தாழப் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதி வாத்தியத்துக்கு. பாடகி ஒன்றைச் சொல்லி நிறுத்துவார். கார்னெட்டோ பியானோவோ அதற்குப் பதில் சொல்லும்.

நம் ஒப்பாரியில் ஒருத்தி சொல்லி அழ, சுற்றி இருக்கும் பெண்கள் ஏற்றுச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதித் தெருக்கூத்தில் கட்டியங்காரனும் வேடக்காரரும் பாட, பின்பாட்டுக்காரர்கள் எடுத்துக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே பின்பாட்டு இல்லாமல் முன்பாட்டு நிற்காது. ப்ளூஸும் அப்படித்தான். வாத்தியக்காரரை நீக்கிவிட்டால் பாட்டில் பாதி காலியாக இருக்கும். ‘பின்னணி இசை’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு அறைக்குள் போவோம்.

கதவு திறந்த விதம்

1920 வரை அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினப் பெண்கள் பாடும் ப்ளூஸைப் பதிவு செய்யவில்லை. கறுப்பின மக்கள் தட்டு வாங்க மாட்டார்கள், வெள்ளையர் இதைக் கேட்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. பெர்ரி பிராட்ஃபோர்ட் என்ற கறுப்பினப் பாடலாசிரியர் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். கடைசியில் ஓகே என்ற நிறுவனம் இணங்கியது. 1920 பிப்ரவரியில் மேமி ஸ்மித் பாடினார். ஆனால் உடன் வாசித்தவர்கள் வெள்ளையர். அந்தத் தட்டு விற்றது. அதன் பிறகுதான் அதே ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி, கறுப்பினக் கலைஞர்களே வாசிக்க, மேமி ஸ்மித் ‘கிரேஸி ப்ளூஸ்’ என்ற பாடலைப் பதிவு செய்தார். உடன் வாசித்த குழுவுக்கு ஜாஸ் ஹவுண்ட்ஸ் என்று பெயர்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் குரலை உள்ளே விட்டார்கள், வாத்தியக்காரரை விடவில்லை. இரண்டாவது முறைதான் வாத்தியக்காரருக்கும் கதவு திறந்தது. ‘கிரேஸி ப்ளூஸ்’ எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்கள் தட்டு வாங்குவார்கள் என்று தெரிந்ததும் எல்லா நிறுவனங்களும் இறங்கின. ஆனால் அந்தத் தட்டுகளுக்குத் தனி வரிசை எண், தனிப் பட்டியல். ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத்துக்கான தட்டுகள் என்று பெயர். சந்தைக்குள் அனுமதித்து, அதற்குள்ளேயே ஒரு சேரியை அமைத்தார்கள்.

முரட்டுக் குரல்

பெஸ்ஸி ஸ்மித் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். அண்ணன் கிட்டார் வாசிக்க, தெருவில் பாடி ஆடிக் காசு சேர்த்தார். 1912இல் ஒரு பயண நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மூத்தவராக மா ரெய்னி பாடிக்கொண்டிருந்தார். பத்தாண்டு காலம் கூடாரங்களிலும் சிறு அரங்குகளிலும் மைக் இல்லாமல் பாடிப் பாடி உறுதிப்பட்ட குரல் அது.

அந்தக் குரலை முதலில் வேண்டாம் என்றவர்களில் பிளாக் ஸ்வான் என்ற நிறுவனமும் ஒன்று. அது 1921இல் ஹாரி பேஸ் என்ற கறுப்பினத்தவர் தொடங்கிய நிறுவனம். கறுப்பின இசையை மதிப்புக்குரியதாக முன்வைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பெஸ்ஸியின் குரல் அவர்களுக்கு மிகவும் கரடுமுரடாகப் பட்டது. நயமாகப் பாடிய எதெல் வாட்டர்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த இடத்தை நாம் வேகமாகக் கடந்துவிடக் கூடாது. படித்து முன்னேறிய நம்மவர்களே கானாவைக் காதில் வாங்கக் கூசுவதை நாம் பார்த்திருக்கிறோம். பறையைக் கீழே போட்டது ஒரு விடுதலை. கட்டாய ஊழியமாக இருந்ததை மறுத்த போராட்டம் அது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் ஊழியத்தை மறுப்பது வேறு, நம் குரலையே இழிவென்று நினைப்பது வேறு. பிளாக் ஸ்வான் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பெஸ்ஸியின் தட்டுகளை இன்றும் உலகம் கேட்கிறது.

1923 பிப்ரவரியில் கொலம்பியா நிறுவனத்துக்காக பெஸ்ஸி பாடிய ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ சில மாதங்களில் ஏறத்தாழ 7,80,000 பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் அவர் கொலம்பியாவுக்காகப் பதிவு செய்தவை சுமார் 160 பாடல்கள்.

1925 ஜனவரி 14

அந்த 160இல் ஒரு நாள் பதிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1925 ஜனவரி 14, நியூயார்க். பெஸ்ஸி அன்று பாடியவற்றுள் ஒன்று ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. டபிள்யூ.சி. ஹாண்டி எழுதி 1914இல் வெளியிட்ட பாடல். உடன் இருந்தவர்கள் இரண்டே பேர். கார்னெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங்; அப்போது அவருக்கு 23 வயது. இன்னொருவர் ஃபிரெட் லாங்ஷா. அவர் வாசித்தது ஆர்மோனியம்.

ஆமாம், நம் கூத்து மேடையில் இருக்கும் அதே குடும்பத்துக் கருவிதான். அந்தப் பதிவைக் கூத்துக் கலைஞர்களுக்குப் போட்டுக் காட்டினால், ஆங்கிலம் புரியாவிட்டாலும் ஆர்மோனியத்தின் நீண்ட மூச்சை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அது தரைபோல் விரிந்து கிடக்கிறது. அதன் மேல் பெஸ்ஸி அவசரமில்லாமல் ஒவ்வொரு சொல்லாக வைக்கிறார். அவர் நிறுத்தும் இடத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் நுழைந்து, அந்தச் சொல்லுக்குத் தலையாட்டுவதுபோலவும் சில நேரம் எதிர்த்துப் பேசுவதுபோலவும் ஊதுகிறது. யார் முன்னால், யார் பின்னால் என்று பிரிக்க முடியாத பாட்டு அது.

அன்று மைக் கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பாடகி அதன் வாய்க்குள் பாடுவார். ஒலியின் அழுத்தம் கூம்பின் மறுமுனையில் இருக்கும் சவ்வை அதிரவைக்கும். சவ்வோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மின்சாரம் எதுவும் ஒலியைப் பெருக்கவில்லை. குரலின் பலமே கோட்டைக் கிழித்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும். இரவு முழுக்கப் பாடுகிற பாட்டை மூன்று நிமிடத்தில் வெட்டியது கலைஞர்களின் விருப்பம் இல்லை, மெழுகின் அளவு.

அந்த அறையில் யார் எங்கே நிற்பது என்பதைக் கூம்பு தீர்மானித்தது. மெல்லிய ஒலி அருகில், பெரிய ஒலி தூரத்தில். முழு முரசு அடித்தால் ஊசி துள்ளிக் கோடு கெட்டுவிடும். அதனால் அந்தக் காலத்துப் பதிவுகள் பலவற்றில் முரசு இல்லை. இருந்தாலும் மரக்கட்டையைத் தட்டும் ஒலிதான் இருக்கும். கறுப்பின இசையின் உயிரான தாளக் கருவி தட்டில் ஏறாமல் போனது இப்படித்தான். அதே ஆண்டு கொலம்பியா மைக் வைத்து மின்முறைப் பதிவுக்கு மாறியபோது, முதல் பதிவுகளில் ஒன்று பெஸ்ஸியுடையது. எதிரொலியை அடக்க அறையில் கூடாரம்போல் துணி கட்டினார்களாம். பாடிக்கொண்டிருந்தபோதே அது சரிந்து எல்லோர் மேலும் விழுந்தது என்று சொல்வார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம் என்றால், “பறையின் சத்தம் மைக்குக்கு ஒத்துவராது” என்ற பேச்சை நாம் இன்றும் கேட்கிறோம். 1925 வரை அப்படி ஒரு காரணம் சொல்லலாம். இன்று எந்த முழக்கத்தையும் பிடிக்க மைக் இருக்கிறது. தனித்தனித் தடங்களில் பதிந்து அளவைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறது. இன்றும் பறை பின்னால் தள்ளப்பட்டால் அந்த முடிவை எடுத்தது கருவி இல்லை, ஆள்தான்.

கணக்குப் புத்தகம்

இப்போது காசுக்கு வருவோம். பெஸ்ஸியின் முதல் பதிவில் பியானோ வாசித்தவர் கிளாரன்ஸ் வில்லியம்ஸ். நிறுவனம் தந்த பணத்தில் பாதியை அவரே எடுத்துக்கொள்ளும்படி ஒப்பந்தம் இருந்ததையும், அது தெரிந்து பெஸ்ஸி நேரில் போய்ச் சண்டையிட்டு விடுபட்டதையும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு கொலம்பியா அவருடன் நேரடி ஒப்பந்தம் போட்டது. பயன்படும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 125 டாலர். விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி, கிடையாது.

அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாடல் தட்டில் ஏறினால் ஒவ்வொரு பிரதிக்கும் 2 சென்ட் அந்தப் பாடலின் உரிமையாளருக்குப் போக வேண்டும். பாடியவருக்கு அந்தச் சட்டம் எதுவும் தரவில்லை. 7,80,000 பிரதிகளை 2 சென்ட்டால் பெருக்கினால் 15,600 டாலர். பாடியவருக்கு 125. பெஸ்ஸியின் குரலுக்காகத்தான் மக்கள் தட்டை வாங்கினார்கள். பணம் போன வழியோ தாளில் யார் பெயர் எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ எழுதிய ஹாண்டியும் கறுப்பினத்தவர்தான். அவர் சொந்தமாகப் பதிப்பகம் நடத்தியதால் அந்தப் பாட்டின் வருமானம் அவருக்கு வந்தது. அந்தப் பதிப்பகத்தில் அவருக்குக் கூட்டாளியாக இருந்தவர்தான் பிற்பாடு பிளாக் ஸ்வானைத் தொடங்கிய ஹாரி பேஸ். குரலை வைத்திருந்தவருக்கும் தாளை வைத்திருந்தவருக்கும் இடையே இருந்த தூரம் இது.

பெஸ்ஸி ஏமாளி இல்லை. மேடையில் அவர் நிறையச் சம்பாதித்தார். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தங்க விடுதி கிடைக்காது என்பதால் 1925இல் தன் குழுவுக்காகச் சொந்த ரயில் பெட்டியே வாங்கினார். ஆனால் மேடை வருமானம் உடம்பில் தெம்பு இருக்கும் வரைதான். பொருளாதார நெருக்கடி வந்து தட்டு விற்பனை சரிந்ததும் 1931இல் கொலம்பியா அவரைக் கைவிட்டது. 1933இல் கடைசியாகப் பாடியபோது கிடைத்தது பாட்டுக்கு 37.50 டாலர். 1937 செப்டம்பர் 26இல் ஒரு சாலை விபத்தில் இறந்தார்.

நம் பக்கம்

இந்தியாவில் இந்தக் கதை 1902இல் தொடங்குகிறது. கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போகும். அங்கே அச்சடிப்பவர்கள் யார் பாடியது என்று தெரிந்து தாள் ஒட்ட வேண்டும். அதற்காக அந்த ஏற்பாடு. அவருக்குத் தபேலாவும் சாரங்கியும் வாசித்தவர்களிடம் யாரும் பெயர் சொல்லச் சொல்லவில்லை. பதிவின் முதல் நாளிலிருந்தே பெயர் ஒரு அலங்காரமாக இருக்கவில்லை. யாருடையது என்ற கணக்கு அதிலிருந்துதான் தொடங்கியது.

நம் கானா அதற்கு நெடுநாள் கழித்தே தட்டுக்கும் கேசட்டுக்கும் வந்தது. வட சென்னையில் சாவு வீட்டின் இரவில், டோலக்கும் கையில் கிடைத்த பெட்டியும் தாளமாக, இறந்தவரின் பெயரையும் பெருமையையும் சொல்லிப் பாடப்பட்டது மரண கானா. உழைத்துச் செத்த ஒருவரின் பெயர் பாட்டில் ஏறுவது அங்கேதான். சினிமா அந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டது. எடுத்த இடத்தைச் சொல்லவில்லை.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில், சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியில்லாத் தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது அதன் பெயர். மொத்தம் 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிட்டாரும் டிரம்ஸும் வாசிப்பவர்கள், பறையும் சட்டியும் டோலக்கும் கட்டமொளமும் அடிப்பவர்கள். இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் மலக்குழி மரணமும் மைக்கில் பாட்டாக வந்தன.

நம் கேள்விக்கு இந்தக் குழு தந்த விடை இரண்டு. ஒன்று, பறையும் சட்டியும் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கவில்லை. பாடகர்களுக்குச் சமமாக நின்றன. இரண்டு, ஒரு நட்சத்திரத்தின் பெயருக்குக் கீழே மற்றவர்கள் அடங்கவில்லை. குழுவே பெயராக இருந்தது. மேமி ஸ்மித்துக்கு முதலில் மறுக்கப்பட்டது, அதாவது தம் மக்களே உடன் வாசிப்பது, இங்கே முதல் நாளிலேயே இருந்தது.

அதில் சிரமங்களும் உண்டு. சாவு வீட்டில் பாடும்போது பாட்டின் வேகம் துக்கத்தோடு ஏறும், இறங்கும். டோலக் அதைப் பார்த்துத் தொடரும். ஒலிப்பதிவு அறையில் தனித்தனித் தடங்களாகப் பதியும்போது காதில் கிளிக் என்ற ஓசை ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கும். எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பாடகர் தன் குரலுக்கு வந்த சுருதியில் எடுப்பார். கிட்டாருக்கு அது ஒத்துப்போக வேண்டும். அன்று மெழுகு மூன்று நிமிடத்தில் வெட்டியதுபோல இன்று கிளிக் வேகத்தை வெட்டுகிறது. குழுவாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் பாடிப் பதிவதும் ஒரு வழி. எந்த வழி என்று கலைஞர்கள் தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம்.

அந்தப் 19 பேரில் ஒரே பெண் இசைவாணி. ப்ளூஸில் பெண்கள்தாம் முதலில் பதிவானார்கள்; கிட்டாரோடு தனியாகப் பாடிய ஆண்களைத் தேடி நிறுவனங்கள் போனது அதற்குப் பிறகே. கானாவில் அது தலைகீழ். சாவு வீட்டு இரவு ஆண்களின் இடமாக இருந்ததால் பெண் குரலுக்குக் கானாவில் இடமில்லை. இராயபுரத்திலிருந்து வந்த இசைவாணி அந்தத் தடையைத் தாண்டினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஆனால் பெயர் வெளியே தெரிவதற்கு விலையும் உண்டு. கோயிலில் பெண்கள் நுழையும் உரிமையைப் பற்றிக் குழு பல ஆண்டுகளுக்கு முன் பாடிய ஒரு பாட்டுக்காக 2024 நவம்பரில் அவர் மீது புகார்கள் தரப்பட்டன, மிரட்டல்கள் வந்தன. பாட்டு குழுவினுடையது, குறி வைக்கப்பட்டது முன்னால் நின்று பாடிய பெண். பெயரைக் கேட்பது என்றால் அந்தப் பெயருக்குத் துணையாக எல்லோரும் நிற்பதும் அதில் சேர்த்தி.

ஒரு பாட்டு, மூன்று பெயர்

2021 மார்ச் 7இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ உங்கள் எல்லோருக்கும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய நிலமற்ற மக்களின் கதை. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து எழுந்தது. பாடியவர்கள் தீ, அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அந்தப் பாட்டைச் சொல்லி வந்த படத்தில் அறிவு இல்லை, கேள்வி எழுந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் மேடையேறியபோதும் அவர் இல்லை. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்பதை அறிவும் மற்ற இருவரும் தத்தம் தரப்பிலிருந்து பொதுவில் விளக்கினார்கள். 2024இல், அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் வருமானம் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார்.

இங்கே தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. பல கோடிப் பேர் கேட்ட பாட்டில்கூட யாருக்கு என்ன பங்கு என்பது வெளிவந்த பிறகே விவாதமாகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். புகழ் உள்ளவர்களுக்கே இது என்றால், கூலிக்குப் பறை அடிக்கப் போன நம் நால்வரின் நிலை என்ன?

சட்டம் சொல்வது

பெஸ்ஸிக்கு இல்லாத சட்டம் நமக்கு இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957; அதில் 1994லும் 2012லும் வந்த திருத்தங்கள் கலைஞர்களுக்கு முக்கியமானவை. பாடுகிறவரும் வாத்தியம் வாசிக்கிறவரும் சட்டத்தின் பார்வையில் ‘நிகழ்த்துநர்’. பிரிவு 38, நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. பிரிவு 38அ, அவருடைய நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையைச் சொல்கிறது. பிரிவு 38ஆ, தன்னை நிகழ்த்தியவர் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையையும், தன் நிகழ்ச்சியைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் தருகிறது. பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டியைச் சட்ட வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது; விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான்.

இனி, அந்தத் தோழர் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில். ‘நிகழ்த்துநர்’ யார் என்று விளக்கும் பிரிவு 2இல் ஒரு நிபந்தனை இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்து, துறையின் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றால், சிதைப்பைத் தடுக்கும் உரிமை ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகவே கருதப்பட மாட்டார். ‘துறையின் வழக்கம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பறை அடிப்பவர் பெயரைப் போடாமல் இருப்பதே வழக்கம் என்று ஆகிவிட்டால், அந்த வழக்கத்தைக் காட்டியே அவர் உரிமையை மறுக்க வழி பிறக்கிறது. காசு வந்ததே, பெயர் எதற்கு என்றால், அடுத்த காசு வருவதற்கான வழி அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

பதிவுக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடட்டும். யார் என்ன வாசிக்கிறார் அல்லது பாடுகிறார். பெயர் எங்கே, எப்படி வரும். இன்று தரும் தொகை எவ்வளவு. பிறகு வரும் வருமானத்தில் பங்கு என்ன. தமிழில் எழுதினால் போதும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாமே தயாரிக்கும் பாட்டுகளுக்கும், அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நாம் வெளியிடும் பாட்டுகளுக்கும் இதுவே விதியாக இருக்கட்டும். நம் மேடையிலேயே பறைக் கலைஞரின் பெயரைச் சொல்லாமல் ‘பறை முழக்கம்’ என்று மட்டும் அச்சடித்த அழைப்பிதழ்கள் உண்டு. அந்தத் தவறை நாங்களும் செய்திருக்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊரில் பறை அடித்த, ஒப்பாரி பாடிய, கூத்தில் பின்பாட்டுப் பாடிய பெரியவர்களிடம் போங்கள். அவர்கள் சம்மதித்தால் பாட்டைப் பதிவு செய்யுங்கள். கௌஹர் ஜான் செய்ததுபோல, முடிவில் அவர்கள் வாயாலேயே தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள். பாடியவர் மட்டும் இல்லை, உடன் அடித்தவரும் சொல்ல வேண்டும். அந்தப் பதிவு அவர்களுடையது. கேட்காமல் எங்கும் போடாதீர்கள்.

பெஸ்ஸி ஸ்மித்தை பென்சில்வேனியா மாநிலத்தின் ஷாரன் ஹில்லில் புதைத்தார்கள். அவர் தட்டுகள் விற்றுக்கொண்டிருந்த 33 ஆண்டுகள் அந்தக் கல்லறைக்குப் பெயர் எழுதிய ஒரு கல் இல்லை. 1970 ஆகஸ்டில்தான் கல் நாட்டப்பட்டது. செலவைப் பகிர்ந்துகொண்டவர்கள் இருவர். ஒருவர் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். இன்னொருவர் ஜுவானிட்டா கிரீன். சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்தவர், பின்னாளில் கறுப்பின உரிமை இயக்கத்தில் பொறுப்பு வகித்தவர். நிறுவனம் எழுதாத பெயரை எழுதியவர்கள் அந்தப் பாட்டைத் தங்களுடையதாக நினைத்த பெண்கள்.

நம் பறைக் கலைஞர்கள் பலருக்கு அப்படி ஒரு கல் இனி வராது. இன்று இருப்பவர்களின் பெயரை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுவோம். அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது, அந்தப் பெயர்ப் பட்டியலோடு வாருங்கள். அதை இந்த மேடையில் வாசித்துவிட்டுத்தான் சொற்பொழிவைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.